பி.டி.எஃப் திறக்கும் புரோகிராமுக்கு பீரோ சாவி எதற்கு?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் அண்ணன் என்று கூப்பிடும் என் மாமா மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப், பென்டிரைவில் வந்த பி.டி.எஃப் என்று யார் எதை நீட்டினாலும் லினக்ஸ் வகையான உபுண்டு ஓடும் அவருடைய கணினி அதைத் திறந்தாக வேண்டும். அதே கணினியின் ஹோம் ஃபோல்டரில் 'ஆதார்' என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் ஆதார் அட்டைகள் மாதவாரியாக ஸ்கேனாகி அதில் கிடக்கின்றன. அதைப் பார்த்த அன்று எனக்குப் பகீரென்றது.

காரணம் இதுதான். ஒரு ஃபைலைத் திறக்கும்போது லினக்ஸ் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "யார் கேட்பது?" என்பது மட்டுமே. அண்ணன் பெயரில் ஓடும் எந்தப் புரோகிராமும் அண்ணனாகவே கணக்கில் வரும். யாரோ வேண்டுமென்றே கெடுத்து அனுப்பிய பி.டி.எஃப், அதைத் திறக்கும் எவின்ஸ் என்ற புரோகிராமில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்துவிட்டால், அண்ணனால் படிக்க முடிந்ததையெல்லாம் அதுவும் படிக்கும். ஃபேன் மாட்ட வந்தவருக்கு நாம் பீரோ சாவியைக் கொடுப்பதில்லை. கணினியில் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இங்கேதான் ஆப்ஆர்மர் வருகிறது. 1998இல் இம்யூனிக்ஸ் லினக்ஸில் சப்டொமைன் என்ற பெயரில் தொடங்கி, 2010இல் 2.6.36 பதிப்பில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட பாதுகாப்பு ஏற்பாடு இது. வழக்கமான சோதனை முடிந்த பிறகு, "எந்தப் புரோகிராம் கேட்கிறது?" என்று கர்னல் இரண்டாவது கேள்வி கேட்கும். பதில் அந்தப் புரோகிராமின் புரொஃபைலில் இருக்கிறது. எந்த இடத்தைப் படிக்கலாம், எங்கே எழுதலாம், வேறு எதை ஓட்டலாம் என்ற பட்டியல்தான் புரொஃபைல். அதில் இல்லாதது கிடைக்காது, கேட்பவர் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாகவே இருந்தாலும் சரி.

உபுண்டுவில் எவின்ஸுக்கு ஏற்கனவே ஒரு புரொஃபைல் உண்டு. வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகள் இருக்கும் ஃபோல்டரை அது தொடவிடாது. ஆனால் ஹோம் ஃபோல்டரின் மற்ற இடங்களை ஏறக்குறைய முழுசாகத் திறந்து விட்டிருக்கும். எல்லோருக்கும் பொதுவாக எழுதியது, அதற்கு நம் கடையின் ஆதார் ஃபோல்டர் எப்படித் தெரியும்?

அதை நாம்தான் சொல்ல வேண்டும். மூலப் புரொஃபைலில் கை வைக்கக் கூடாது, அடுத்த அப்டேட்டில் அதுவே தலைவலியாகும். அதற்கென்றே 'லோக்கல்' என்ற ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. நான் சேர்த்தது ஒரே வரி: மறு என்று பொருள்படும் 'டினை' என்ற சொல், ஹோமைக் குறிக்கும் மாறி, ஆதார், நட்சத்திரக் குறி, படிக்க ஆர், எழுத டபிள்யூ. கடைசியில் மறக்காமல் ஒரு காற்புள்ளி. வேறெங்கே அனுமதி எழுதியிருந்தாலும் டினை வரிதான் ஜெயிக்கும். அண்ணன் அந்த ஸ்கேன்களைப் பார்ப்பது பட வியூவரில் என்பதால் எவின்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆப்ஆர்மரின் பார்சர் என்ற கருவியைக் கொண்டு புரொஃபைலைக் கர்னலில் மறுபடி ஏற்றிவிட்டு, ஜனவரி ஃபோல்டரில் ஒரு சோதனை பி.டி.எஃப்பை வைத்து எவின்ஸில் திறந்தேன். திறந்துகொண்டது! ஒற்றை நட்சத்திரம் ஒரு ஃபோல்டரோடு நின்றுவிடும், உள் ஃபோல்டர்களுக்குள் இறங்காது. இரட்டை நட்சத்திரம் போட்டதும் அனுமதி மறுக்கப்பட்டது.

அப்புறம் கணினி தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் லாகில் தேடினேன். மறுத்ததற்கான சுவடே இல்லை. அரை மணி நேரம் போனது. டினை வரி மறுப்பதோடு நிற்காமல் லாகையும் அடக்கிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. முன்னால் 'ஆடிட்' என்று சேர்த்தால்தான் பதிவாகும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும் 'கம்ப்ளெய்ன்' நிலையிலும் டினை வரி தடுக்கத்தான் செய்யும்.

லாக் வந்தது. ஆனால் ஃபைல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளச் சரம். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் (கால், புள்ளி உட்பட) மூன்று பைட். ஆங்கில எழுத்தெல்லைக்கு வெளியே பைட் வந்தால் கர்னல் பெயர் முழுவதையும் பதினாறடிமான எண்களாக மாற்றி எழுதிவிடும். 'ஆ' அங்கே ஈ0ஏஈ86 என்று நிற்கிறது. ஏஏ-டிகோட் என்ற சிறு கருவியிடம் அந்தச் சரத்தைக் கொடுத்தேன், 'ஆதார்' என்று தமிழிலேயே திரும்பி வந்தது. தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிறவர்கள் இந்தக் கருவியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. ஆப்ஆர்மர் பார்ப்பது பாதையை, ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதை அல்ல. அந்த ஸ்கேனையே டெஸ்க்டாப்புக்கு ஒரு நகல் எடுத்துப் போட்டால் என் வரி அதைக் காக்காது. அண்ணனின் டெஸ்க்டாப்பில் அன்று அப்படிப் பதினேழு நகல்கள் இருந்தன. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தோம்.