‘ஒரு கையெழுத்துதான் பாக்கி’: விவாகரத்துக்கு முன்பே நடக்கும் நிச்சயதார்த்தங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாத மாலையில், மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், ஒரு தந்தை அந்த மகளையும் அழைத்துக்கொண்டு வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாப்பிள்ளைக்கு இது மறுமணம் என்பதை அவர் வீட்டார் மறைக்கவில்லை. முதல் மனைவியுடன் பேசித் தீர்த்தாயிற்று, இருவரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல்லி, ஆதாரமாக ஒரு நகலையும் கொடுத்திருந்தார்கள். தை மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் அவர் வந்திருந்தார்.

அந்த நகலை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நீதிமன்ற வில்லைகள் ஒட்டப்பட்டு, தாக்கல் செய்த தேதியுடன் வட்ட முத்திரை பதிந்திருந்தது, எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) எண் இருந்தது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கணவன் மனைவி இருவரின் கையெழுத்தும் இருந்தன. நீதிமன்றப் பழக்கம் இல்லாத ஒருவர் அதைத் தீர்ப்பு என்று நம்பியதில் வியப்பில்லை. கடைசிப் பக்கத்தில், திருமணத்தைக் கலைத்து உத்தரவிடுமாறு ‘வேண்டுகிறோம்’ என்று முடிந்திருந்த வரியின் மேல் பேனாவை வைத்துக் காட்டினேன். அவர் மகள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “அப்போ அவருக்கு இன்னும் விவாகரத்து ஆகலையா மேடம்?” என்று கேட்டார். ஆகவில்லை, அவர்கள் கையில் இருந்தது மனு மட்டுமே, சட்டப்படி அவர் அன்றும் வேறொரு பெண்ணின் கணவர்தான்.

இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதியர் சேர்ந்து மனு கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் நீதிபதி முன் வந்து தங்கள் சம்மதம் மாறவில்லை என்று சொன்ன பிறகே தீர்ப்பு வரும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது. ஆனால் தள்ளுபடி கேட்டு மனு போட வேண்டும், காரணம் காட்ட வேண்டும், அது தானாக நடப்பதில்லை. இதைவிட முக்கியமான ஒன்றை அதே நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது: தீர்ப்பு வரும் நாள் வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும், இடையில் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால்தான், ‘ஒரு கையெழுத்துதான் பாக்கி’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது. அந்தக் கையெழுத்து விழவில்லை என்றால் முன்னால் போட்ட அத்தனை கையெழுத்துக்கும் பயன் இல்லை.

அந்த இடைவெளியில் நிச்சயதார்த்தம் நடந்தால், தட்டு மாற்றும் புகைப்படம் உறவுக்காரர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறி, மாலைக்குள் முதல் மனைவியின் கைக்குப் போய்விடுகிறது. பேசியபடி நகையும் பணமும் இன்னும் திரும்பி வராத நிலையில், தன் பெயருக்கு முன்னால் இன்னும் ‘திருமதி’ இருக்கும்போதே கணவன் இன்னொரு பெண்ணின் பக்கத்தில் மாலையோடு நிற்பதைப் பார்க்கும் பெண் அடுத்த வாய்தாவுக்கு வராமல் இருந்தால், அதைப் பழிவாங்கல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் வேதனைப்பட்டிருக்கிறார். அதே புகைப்படம் பின்னர் மனக்கொடுமைக்கு ஆதாரமாகவும், இரண்டாம் திருமணத்துக்குத் தடையுத்தரவு கேட்கும் வழக்கில் ஆவணமாகவும் நீதிமன்றத்துக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

நிச்சயதார்த்தம் மட்டும் இருதார மணக் குற்றம் ஆகாது. ஆனால் குறித்த முகூர்த்தத்தில் தாலி ஏறிவிட்டால் நிலைமை முற்றிலும் வேறு. முதல் மனைவி உயிரோடு இருக்க, அந்தத் திருமணம் சட்டப்படி நீடிக்க நடக்கும் இரண்டாம் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவு இதற்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. முதல் திருமணத்தை மறைத்துச் செய்திருந்தால் அது பத்து ஆண்டு வரை போகும். பிறக்கும் குழந்தைகளுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இரண்டாவதாக மணந்த பெண்ணுக்கோ மனைவி என்ற உரிமையே கேள்விக்குரியதாகி, குடும்ப ஓய்வூதியம், வாரிசுரிமை என்று ஒவ்வொன்றுக்கும் படியேற வேண்டியிருக்கிறது.

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை’ என்று எழுதி வாங்கிய காகிதத்தை விடுதலைப் பத்திரம் என்று கொண்டுவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நோட்டரி முத்திரை இருந்தாலும் அது விவாகரத்து ஆகாது. வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவைச் சட்டம் ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தீர்ப்பு கையில் இருந்தாலும் அது எந்த வகைத் தீர்ப்பு என்று பார்க்க வேண்டும். சம்மத விவாகரத்து என்றால், குடும்ப நல நீதிமன்றச் சட்டப்படி அதற்கு மேல்முறையீடு இல்லை. எதிர்த்து நடந்த வழக்கு என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. நான் எப்போதும் 90 நாளையே எண்ணச் சொல்வேன். எனக்கு மிகுந்த அச்சம் தருவது, எதிர்த்தரப்பு வராமலேயே வழங்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. மனைவிக்குச் சம்மன் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கோர அவருக்கு வழி இருக்கிறது. அவருக்குத் தெரியவருவது உங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த பிறகாகவும் இருக்கலாம்.

ஆகவே பூ வைப்பதற்கு முன்பே, தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள், ஜெராக்ஸ் போதாது. வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் நிலையைப் பாருங்கள். நகலைக் கேட்டதற்கே மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால், சம்பந்தம் பேசுவதை அங்கேயே நிறுத்திவைக்கத் தயங்காதீர்கள்.

அந்தத் தந்தை தை மாதக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். ஆனால் புகைப்படம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. முதல் மனைவி சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். ஓராண்டுக்கு மேல் காத்திருந்த பிறகு, நிச்சயத்தின்போது போட்ட மோதிரத்தையும் எடுத்த பட்டுப்புடவையையும் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ள இரு வீட்டாரும் என் அலுவலகத்தில்தான் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் புடவையைக் கடைப் பெட்டியிலேயே மடித்து வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்து காட்டியபோது, முந்தானை ஓரத்தில் அன்றைக்கு வைத்த மஞ்சள் அப்படியே இருந்தது.