உதவிபெறும் பள்ளியில் படித்த பெண்ணுக்கும் மாதம் 1,000 ரூபாய்

கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. குமரி மாவட்டத்தில் பல பெண்களுக்கு அது கைக்கெட்டவில்லை. இங்கே மிஷன் காலத்திலிருந்தே கிறிஸ்தவ சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்துகிற அரசு உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு அடுத்திருப்பதே அந்தப் பள்ளிதான். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலை வேலைக்குப் போகிற அம்மாவின் மகளும், ரப்பர் பால்வெட்டுகிறவர் மகளும் அங்கேதான் படித்தார்கள். வறுமை ஒன்றுதான், பள்ளியின் வகை வேறு என்பதால் பணம் கிடைக்கவில்லை.

2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் தொடங்கிய விரிவாக்கத்தில் இது மாறியது. அரசு உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ‘தமிழ் வழி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே உதவிபெறும் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் படித்தவருக்கு இது பொருந்தாது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இந்தத் தமிழ் வழி நிபந்தனை கிடையாது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணும் தகுதியானவரே. இதை அறியாமல் விட்டவர்கள் உண்டு.

சாதியோ வருமான உச்சவரம்போ கேட்பதில்லை. ஒரு வீட்டில் மூன்று பெண்கள் படித்தால் மூவருக்கும் தனித்தனியே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைத் தடுக்காது. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாம் சேரும். அஞ்சல் வழிப் படிப்பும் முதுநிலையும் சேராது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. களியக்காவிளை தாண்டினால் கேரளம். திருவனந்தபுரத்தில் சேர நினைக்கும் பிள்ளைகள் நிறைய. ஆனால் மேற்படிப்பு தமிழ்நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இடம் எடுக்கும் முன்பே இதையும் கணக்கில் வையுங்கள்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். முதலாம் ஆண்டு சேர்ந்ததும் கல்லூரியில் இதற்கென உள்ள ஆசிரியரைப் பாருங்கள். மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, ஆதார், மாணவியின் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகம் போதும். பணம் கட்ட வேண்டியதில்லை. இடையில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்பா பெயரிலுள்ள கணக்கைக் கொடுப்பதும், ஆதார் இணைக்காத கணக்கைக் கொடுப்பதும்தான் நான் கண்டவரை அதிகம் பணம் தடைபடக் காரணம். வங்கிக்கு நேரில் போய், “ஆதார் இந்தக் கணக்கோடுதான் இணைந்திருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். நான்கைந்து கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

இத்தனையும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், கல்லூரி எழுதித் தரும் விவரத்தோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போங்கள். திட்டத்தை நடத்துவது சமூகநலத் துறைதான்.