குதிரை கற்றுக்கொள்வது இழுக்கும்போது அல்ல, விடும்போது

குதிரையைப் பழக்குகிறவர் வேலை தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க, அவர் கையில் சாட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். கயிற்றை எப்போது தளர்த்துகிறார் என்று பாருங்கள், போதும்.

மென்மை என்றாலே தட்டிக்கொடுப்பது, வெல்லம் ஊட்டுவது, செல்லப் பேர் வைத்துக் கூப்பிடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். அதெல்லாம் இருக்கட்டும், தப்பில்லை. உண்மையில் வேலை செய்வது வேறு. தலைக்கயிற்றை லேசாக முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறீர்கள். குதிரைக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு, அவ்வளவுதான். தலையை உதறும், பின்னால் சாயும், பக்கவாட்டில் நகரும். எதற்கும் கயிறு தளரவில்லை, கூடுதலாக இறுகவும் இல்லை. கடைசியில் ஒரு காலை முன்னால் வைக்கிறது. அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். நாலைந்து தடவைக்குள், கயிறு இறுகுவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிடும். உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். இது தண்டனை இல்லை. தொந்தரவு நீங்குவதுதான் இங்கே பரிசு. விடுவதில் இரண்டு மூன்று நொடி தாமதித்தால், அதற்குள் குதிரை தலையைத் தூக்கியிருக்கும், ‘தலையைத் தூக்கினால் விட்டுவிடுவார்’ என்று தவறான பாடத்தை நன்றாகவே படித்துக்கொள்ளும். அப்புறம் ‘சண்டிக் குதிரை’ என்று அதன்மேல் பழி போடுவோம்.

கடிவாளத்திலும் இதே கதைதான். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே குதிரைக்குப் பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு, இரும்பு அங்கேதான் உட்காருகிறது. ஈறுக்குக் கீழே உடனே எலும்பு. ஓர் ஈ உட்கார்ந்தால்கூடத் தோலை அந்த இடத்தில் மட்டும் சிலிர்த்து விரட்டுகிற பிராணி இது, அதன் வாயில் எவ்வளவு உணர்ச்சி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லகானை இழுத்தது இழுத்தபடியே வைத்திருந்தால் குதிரைக்குக் கிடைக்கும் சேதி ஒன்றுதான்: என்ன செய்தாலும் இது விடாது. பிறகு அது இழுப்பைப் பொருட்படுத்தாது. வாய் மரத்துவிட்டது என்று இன்னும் முரட்டுக் கடிவாளம் வாங்கி மாட்டுவார்கள்.

அடித்துப் பழக்கினால் ஏன் நிலைக்காது என்பதற்கு, குதிரை எப்படிப்பட்ட விலங்கு என்று பார்த்தால் பதில் கிடைக்கும். வேட்டையாடப்பட்ட இனம் அது, சண்டை போடுவதற்கு முன்னால் ஓடும். பக்கவாட்டில் அமைந்த கண்கள் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்த்துவிடும்; மூக்குக்கு நேர் எதிரே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் இதயம், நாலுகால் பாய்ச்சலில் 200-ஐத் தாண்டும். மிரண்டுபோன குதிரை ஓடும் வழியைத்தான் தேடும், நீங்கள் சொல்லித்தரும் எதுவும் உள்ளே போகாது. போகிறது ஒன்றே ஒன்று: இந்த ஆள், இந்த இடம், ஆபத்து.

சரி, மிரட்சியை எப்படிப் போக்குவது? வேலூர் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து, பீரங்கியால் கதவைத் தகர்த்து உள்ளே நுழைந்தது என்று படித்திருப்போம். பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே நிற்கும் குதிரை அப்படியே பிறந்து வருவதில்லை. இன்றைக்கு ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பேண்டுக்கும் சரவெடிக்கும் நடுவே போகிற குதிரையும் அப்படித்தான். பொறுமையான வழி இது: மேளம் தூரத்தில் அடிக்கட்டும், குதிரை காதைத் திருப்பிப் பார்க்கும், ஆனால் ஓடத் துடிக்காது. அங்கேயே நிறுத்தி, அது மறுபடி புல்லில் வாய் வைக்கும்வரை காத்திருந்து, பிறகு பத்தடி கிட்டே. மிரண்டால் நாம் அவசரப்பட்டோம் என்று அர்த்தம், பின்னால் போக வேண்டும். கிரேக்கத்தின் செனபோன் 2,300 வருடங்களுக்கு முன்பே இதை எழுதிவிட்டார்: குதிரை எதைக் கண்டு மிரள்கிறதோ அதை அடித்து நெருங்க வைக்காதே, நீயே அதைத் தொட்டுக் காட்டி மெதுவாக அழைத்துப் போ.

குறுக்கு வழியும் உண்டு. மேளத்துக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டு, துள்ளி ஓயும்வரை விடுவது. குதிரை கடைசியில் நின்றுவிடும், பார்ப்பவர்கள் ‘பழகிடுச்சு’ என்பார்கள். பல நேரம் அது பழகவில்லை, முயற்சியைக் கைவிட்டுவிட்டது. 1967-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் நாய்களிடம் கண்டது இதைத்தான். தப்பவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்ப வழி இருந்தபோதும் முயலவே இல்லை. கற்றுக்கொண்ட கையறு நிலை என்று இதற்குப் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அமைதிதான். எனக்கு இதில்தான் பெரிய கவலை, ஏனென்றால் ஊர்வலத்தில் நாம் பாராட்டுவது எந்த அமைதியை என்று நமக்கே தெரிவதில்லை. காதைப் பாருங்கள்: பழகிய குதிரையின் காது சத்தத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும், கண் இமைக்கும், வாய் அசையும். கைவிட்ட குதிரையிடம் எதுவும் அசையாது.

பாராட்டுவதிலும் ஒரு சங்கதி. கழுத்தில் பட்பட்டென்று தட்டுவது நமக்குத்தான் பிடிக்கும். குதிரைகள் ஒன்றுக்கொன்று பிடரி மயிர் முடிகிற முதுகுமேட்டைப் பல்லால் சொறிந்துவிடும். அங்கே கையால் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை 1993-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

நம் உடம்பையும் அது படிக்கும். பெர்லினில் நூறு வருடம் முன்பு ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டுக் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமலே அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அத்தனை நுணுக்கமாகப் பார்க்கிற பிராணியிடம் கோபத்தை மறைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்துப் பயனில்லை. அன்றைக்குப் புல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், பாடம் நாளைக்கு.