மழையில்லாத இரவில் ரேடார் காட்டும் வட்டம்

பறவைகள் இடம்பெயரும் வலசைக் காலத்தில், ரேடாரில் அவற்றைக் கவனிக்கும் எங்கள் வேலை பொழுது சாய்ந்த பிறகுதான் சூடுபிடிக்கும். வானத்தில் மேகமே இருக்காது. ஆனாலும் இருட்டி அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் வானிலை ரேடார் நிலையங்களைச் சுற்றித் திரையில் வட்டங்கள் முளைத்து விரியும். பகலெல்லாம் மரங்களில் இரை தேடிய சிறு பறவைகள் கூட்டமாகக் கிளம்பும் நேரம் அது. ரேடார் அனுப்பும் அலைக்கற்றை தூரம் போகப் போக உயர்ந்துகொண்டே போகும். பறவைகளில் பெரும்பாலானவை ஒரு கிலோமீட்டருக்குக் கீழே பறப்பதால், குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் கற்றை அவற்றின் தலைக்கு மேலே போய்விடுகிறது. அதனால்தான் அந்த வட்ட வடிவம்.

இது மழை இல்லை என்று எப்படித் தெரியும்? புதிய ரேடார்கள் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதிரும் இரண்டு அலைகளை அனுப்புகின்றன. மழைத்துளிகளிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்பும். சிறகும் உடலுமாக இருக்கும் பறவையில் பட்டால் தாறுமாறாகத் திரும்பும். அப்புறம் பூச்சிகளையும் பிரிக்க வேண்டும். அதற்குக் காற்றின் வேகத்தைப் பார்ப்போம். சிறு பூச்சிகள் காற்றோடு போகும், பறவைகள் அதை முந்தும். எந்த இனம் என்று மட்டும் ரேடார் சொல்லாது.

எத்தனை பறவைகள் கிளம்பும் என்பதை முன்கூட்டியும் சொல்ல முடிகிறது. அமெரிக்க ரேடார்களின் 23 ஆண்டுத் தரவுகளை வைத்து வான் டோரன், ஹார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பநிலைதான் எல்லாவற்றையும்விட முக்கியமான காரணியாகத் தெரிந்தது. வசந்தத்தில் இதமான தென்காற்று வீசினால் பறவைகள் திரளாக வடக்கே கிளம்பும். இலையுதிர் காலத்தில் குளிர்ந்த வடகாற்றுக்காகக் காத்திருக்கும். கார்னெல் பறவையியல் ஆய்வகம் பங்கேற்கும் 'பேர்ட்காஸ்ட்' திட்டம் அடுத்த மூன்று இரவுகளுக்கான கணிப்பை வெளியிடுகிறது.

இந்தக் கணிப்பைப் பறவை ஆர்வலர்களைவிடக் கட்டடங்களை நிர்வகிப்பவர்கள் பார்க்க வேண்டும் என்பேன். வலசை எல்லா இரவிலும் ஒரே அளவில் நடப்பதில்லை, சில இரவுகளில்தான் குவிகிறது. 2023 அக்டோபர் 5 காலை, சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் என்ற ஒரே கட்டடத்தின் கண்ணாடிகளில் மோதிச் செத்த பறவைகள் ஆயிரத்தை நெருங்கின. நினைக்கவே மனம் பதறுகிறது.

இரவில் எரியும் விளக்குகள் பறவைகளை ஈர்த்துக் கட்டடங்களின் பக்கம் இழுக்கின்றன. விளக்கை அணைத்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது நியூயார்க் உதாரணத்தைத்தான். செப்டம்பர் 11 நினைவாக ஏற்றப்படும் ஒளித்தூண்களில் பறவைகள் சிக்கிச் சுற்றிச்சுற்றிப் பறப்பதை ரேடார் காட்டியது. விளக்குகளை அணைத்த சில நிமிடங்களிலேயே அந்தக் கூட்டம் கலைந்து தன் வழியே போயிற்று.

கணிப்பு 'அதிகம்' என்று வரும் இரவுகளில் அலங்கார விளக்குகளையும் ஆளில்லாத தளங்களின் விளக்குகளையும் இரவு 11 மணி முதல் விடியும்வரை அணைத்துவையுங்கள். அறையில் வேலை இருந்தால் சரி, திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். தாழ்ந்த மேகமோ மூடுபனியோ சேர்ந்துகொண்டால் பறவைகள் இன்னும் கீழே இறங்கிவிடும். அன்றைக்கு 11 மணிவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.