தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்: பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரவேண்டியவை

பாலியல் வன்கொடுமை வழக்குகளில் இழப்பீடு என்றாலே, வழக்கு முடிந்து, குற்றவாளி உள்ளே போன பிறகு கோர்ட் பார்த்துக் கொடுக்கிற தொகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர் வேண்டும், வக்கீலுக்குக் கைக்காசு வேண்டும் என்றும் நம்புகிறார்கள். மூன்றுமே தவறு. இந்தத் தவறான நம்பிக்கையாலேயே எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்கி அலைகின்றன. அதனால் இந்த விவரங்களை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது? 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, 2013-14 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 1000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். அந்த ஆண்டில் செலவாகாவிட்டாலும் காலாவதியாகாத நிதி இது. 181 மகளிர் உதவி எண், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் சகி மையங்கள், 2019-ல் திட்டமிட்ட 1023 விரைவு சிறப்பு நீதிமன்றங்கள் எல்லாவற்றுக்கும் இதிலிருந்து பணம் போகிறது. மாநிலங்களின் இழப்பீட்டு நிதிக்கு வலுச்சேர்க்க 200 கோடி ரூபாய் ஒருமுறை மானியமாகவும் தரப்பட்டது. சென்னை உட்பட எட்டு நகரங்களின் 'பாதுகாப்பான நகரம்' திட்டமும், அதில் வரும் கேமராக்களும் இதே நிதியில்தான். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணின் எதிரே உட்கார்ந்து பேசும் ஆலோசகரின் சம்பளம் அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி மருத்துவமனை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு சொல்வது தெளிவானது: அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு முதலுதவியும் சிகிச்சையும் உடனே, இலவசமாகத் தரவேண்டும். மறுத்தால் அந்த மருத்துவமனையின் பொறுப்பில் இருப்பவருக்கு தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "முதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு வாங்க" என்று கேஷுவாலிட்டியில் யாராவது சொன்னால் அதைக் கேட்டுத் திரும்ப வேண்டாம். போலீசுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை, அதை அவர்கள் செய்வார்கள். வயது வந்த பெண் புகார் கொடுக்க விரும்பவில்லை என்றால் அதை எழுத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமே தவிர, சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

அங்கே நேரம் மிக முக்கியம். எச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கருத்தரிக்காமல் தடுக்கும் அவசரகால மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல், அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் கொண்டுபோங்கள். துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். காகிதப் பையில் வையுங்கள். குளித்துவிட்டாலும் போகலாம், சிகிச்சை உண்டு. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடியும் கண்டித்து, அதைச் செய்பவர் பணி ஒழுங்கை மீறிய குற்றத்துக்கு ஆளாவார் என்றே சொல்லியிருக்கிறது.

அடுத்து சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம். 2015 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம் இது, இப்போது பெண்களுக்கான மத்திய அரசுத் திட்டங்களின் தொகுப்பான மிஷன் சக்தியின் கீழ் வருகிறது. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, மனநல ஆலோசனை, சட்ட ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்கும் இடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். மருத்துவமனை வளாகத்திலோ அதன் அருகிலோ அமைய வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் சமூக நலத்துறை வழியாக நடக்கிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 181-ஐ அழைத்துக் கேட்கலாம், கட்டணம் இல்லை. தாயோடு வரும் பெண் குழந்தைகள் எந்த வயதானாலும், ஆண் குழந்தைகள் 12 வயது வரையும் உடன் தங்கலாம். மையத்தில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களுக்கான தொகை தவணை தவணையாக, முந்தைய தவணையின் கணக்கு போன பிறகே வருகிறது. மையங்களின் தரம் ஊருக்கு ஊர் மாறுவதற்கு இதுவும் காரணம். இருந்தாலும் தனியாக ஸ்டேஷனுக்குப் போவதைவிட, மையத்தின் பணியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

இழப்பீட்டுக்கு வருவோம். இதில்தான் குழப்பம் அதிகம். வயது 18 ஆகிவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பாதை மாறும்.

வயது வந்த பெண் என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும். இது பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வகுத்து, உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி பாலியல் வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய், கூட்டு வன்புணர்வுக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய். எஃப்.ஐ.ஆர் அல்லது புகாரின் நகலை மனுவோடு இணைக்க வேண்டும். மருத்துவ அறிக்கையும் தீர்ப்பு நகலும் கையில் இருந்தால் சேர்க்கலாம், இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக்கூடாது. விசாரணையை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதுவரை தாங்காது என்றால் இடைக்கால இழப்பீடு கேளுங்கள். மனுவிலேயே "இடைக்கால இழப்பீடு" என்ற சொல்லை எழுதுங்கள். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நின்றுபோனாலும் இழப்பீடு கேட்க முடியும், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று: இந்த வழக்குகளில் எஃப்.ஐ.ஆர் நகலை உடனே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவது போலீசின் கட்டாயக் கடமை. ஆணைக்குழு தானாகவே விசாரித்து இடைக்காலத் தொகை தருவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே ஸ்டேஷனிலேயே கேளுங்கள், "ஆணைக்குழுவுக்கு நகல் அனுப்பியாச்சா, எந்தத் தேதியில்?" என்று.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது. பொதுவாக 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு நிரந்தர வைப்பாகப் போடப்படும், 25 சதவீதத்தை உடனே எடுக்கலாம். வைப்பின் வட்டி மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் விழும். படிப்புக்கோ சிகிச்சைக்கோ அவசரம் என்றால் வைப்பை முன்னதாக எடுக்க ஆணைக்குழுவிடம் அனுமதி கேட்கலாம். கணக்கு பாதிக்கப்பட்டவர் பெயரில் இருக்கிறதா என்று பாஸ்புக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் கேட்டாலும் ஏ.டி.எம் கார்டு அவரிடமே இருக்கட்டும்.

18 வயதுக்குக் கீழ் என்றால், பெண் குழந்தையானாலும் ஆண் குழந்தையானாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் சிறப்பு நீதிமன்றம்தான் இழப்பீட்டை முடிவு செய்யும். 2020-ன் போக்சோ விதிகள்படி, எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு தரலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், கண்டுபிடிக்கப்படாமலே போனாலும், குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்திருக்கிறது என்று கோர்ட் கருதினால் இழப்பீடு உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு பணத்தைத் தரவேண்டும். அதற்கும் முன்னால், சாப்பாடு, துணிமணி, பஸ் செலவு போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக்குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம், அது ஒரு வாரத்துக்குள் கைக்கு வரவேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையும் நாட்களில் இந்தச் சிறு தொகைதான் வழக்கை நடத்திச் செல்கிறது. ஆனால் யாராவது கேட்டால்தான் பரிந்துரை எழுதப்படுகிறது. குழந்தைக்கான உதவி எண் 1098.

வக்கீல் விஷயம் சுருக்கமானது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு என்று 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமே சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஆணைக்குழு கொடுத்த தொகை போதாது என்றால் 30 நாளுக்குள் மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மேல்முறையீடு செய்யலாம். வயது வந்தவர்களுக்கான மனுவை, குற்றம் நடந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கொடுத்துவிடுங்கள். அது கடந்துவிட்டால், ஏன் தாமதமானது என்பதை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது.