பைக்கில் பின்னால் உட்கார்ந்தவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

சித்தப்பா ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன என் சித்தி, மழையில் வண்டி வழுக்கியதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்து இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பாலிசித் தாளை எடுத்துக்கொண்டு போனால், ‘இது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், பின்னால் இருந்தவர் இதில் வரமாட்டார்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருத்தமான விஷயம், ஆனால் சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. இந்த ஒரு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு பாலிசி போட்டிருப்போம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கிட்டத்தட்ட பாதி. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்களைத் தனியாகக் கணக்கெடுத்ததில் ஓட்டியவர்கள் 35,692 பேர், பின்னால் உட்கார்ந்தவர்கள் 14,337 பேர். இந்தப் பதினாலாயிரம் பேரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் இன்சூரன்ஸ். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-வது பிரிவுப்படி தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது. ‘தேர்ட் பார்ட்டி’ என்றால் உங்கள் வண்டி மோதி அடிபடுகிற வெளியாள்: நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், எதிரே வந்த பைக்காரர். உங்கள் வண்டியிலேயே கூலி இல்லாமல் பின்னால் ஏறி வருகிறவர் இந்தக் கட்டாய பாலிசிக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முழு பாலிசி, அதாவது பேக்கேஜ் அல்லது காம்ப்ரிஹென்சிவ் என்கிறோமே, அது இருந்தால் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. இப்போதே உங்கள் பாலிசித் தாளை எடுத்து மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘லயபிலிட்டி ஒன்லி’, அதாவது தேர்ட் பார்ட்டி மட்டும் என்று இருந்தால், மனைவியையோ அம்மாவையோ ஏற்றிக்கொண்டு போகும்போது அவர்களுக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆனால் இன்னொரு வண்டி வந்து மோதியிருந்தால் கதையே வேறு. அந்த வண்டியைப் பொறுத்தவரை பின்னால் இருந்தவர் வெளியாள், அதன் இன்சூரன்ஸில் முழுதாகக் கேட்கலாம். இரண்டு பக்கமும் தப்பு இருந்தாலும் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர் மேல் தப்பு கிடையாது, எனவே முழுத் தொகையையும் ஏதாவது ஒரு தரப்பிடமே கேட்க அவருக்கு உரிமை உண்டு. இதுவும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், 2015-இல். ‘உங்க வீட்டுக்காரரும் வேகமாத்தானே வந்தார், பாதிதான் கிடைக்கும்’ என்று யாராவது பேரம் பேசினால் நம்பாதீர்கள்.

ஓட்டியவருக்கு என்ன? யாரும் மோதாமல் தானாக வழுக்கி விழுந்தால், வண்டியின் சொந்தக்காரர் தேர்ட் பார்ட்டி பாலிசியில் தனக்காக எதுவும் கேட்க முடியாது. அவருக்கு இருப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும். அதுவும் உயிர் போனாலோ, கை கால் கண் போனாலோ, நிரந்தரமாக முடங்கிப் போனாலோதான், சாதாரண எலும்பு முறிவுக்கு வராது. செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். நண்பரின் பைக்கைக் கடன் வாங்கி ஓட்டி விழுந்தவரை நீதிமன்றம் அந்தச் சொந்தக்காரரின் இடத்தில் இருப்பவராகத்தான் பார்க்கிறது, எனவே அவரும் வெளியாள் ஆகமாட்டார்.

சரி, உங்கள் வண்டி மோதி வேறொருவருக்கு அடிபட்டால்? ஓட்டியவர், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், இன்சூரன்ஸ் கம்பெனி, மூன்று பேரும் பொறுப்பு. இதில் பலர் மாட்டிக்கொள்வது ஆர்.சி. விஷயத்தில். பைக்கை விற்றாயிற்று, பணமும் வாங்கியாயிற்று, பெயர் மட்டும் மாற்றவில்லை. அந்த வண்டி விபத்தில் சிக்கினால் சட்டத்தின் கண்ணில் இன்னும் நீங்கள்தான் உரிமையாளர், நஷ்டஈடு உங்கள் தலையில் வரும். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. வாங்குகிறவர் ‘நானே மாத்திக்கறேண்ணே’ என்று சொன்னால் கேட்காதீர்கள், கூடவே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் முடித்துவிட்டு வாருங்கள்.

பையன் கையில் சாவியைக் கொடுக்கிற பெற்றோர் 199-ஏ பிரிவைக் கட்டாயம் படிக்க வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டி குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையதே.

அப்புறம் இந்த ரோட்டோர சமரசம். அடிபட்டவர் கையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ திணித்து, ‘எனக்கு எந்தப் புகாரும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தலையில் பட்ட அடி மறுநாள்தான் தெரியும். போலீஸில் பதிவு இல்லாமல், மோதிய வண்டியின் நம்பர் இல்லாமல் பின்னால் கேட்பது மிகவும் கஷ்டம். மோதியவருக்கும் இது பாதுகாப்பில்லை. 134-வது பிரிவுப்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்வதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிப்பதும் ஓட்டியவரின் கடமை. அடிபட்டவர் இறந்துவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ-வில் அது இரண்டாண்டாக இருந்தது. பணம் கொடுத்துப் பேசி முடித்துக்கொள்கிற குற்றமில்லை இது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டு திட்டங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவரும் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

மோதிவிட்டு ஓடிவிட்டான், வண்டி நம்பர் தெரியவில்லை என்றாலும் கைவிட வேண்டியதில்லை. அரசுத் திட்டம் ஒன்றில் 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தருகிறார்கள். பின்னால் வண்டி பிடிபட்டு நஷ்டஈடு கிடைத்தால் இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

வண்டி தெரிந்திருந்தால் வழி இரண்டு. 164-வது பிரிவில், யார் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கடுங்காயத்துக்கு 2.5 லட்சம். 166-வது பிரிவில், எதிர்த்தரப்பின் அஜாக்கிரதையைக் காட்டி முழு நஷ்டஈடு. ஆனால் கவனம்: 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டுவிட்டால் தீர்ப்பாயத்தில் (விபத்து நஷ்டஈடு வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) போட்ட மனு காலாவதியாகிவிடும். அவசரத்தில் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 20,000 சம்பாதித்த, சொந்தத் தொழில் செய்த 28 வயதுக்காரர் இறந்துவிட்டார், அவரை நம்பி மனைவி, குழந்தை, தாய் என்று மூன்று பேர். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 28,000. அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு போக ஆண்டுக்கு 2,24,000. இந்த ஆண்டுத் தொகையை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பதற்கு வயதை வைத்து ஒரு பெருக்கல் எண் உண்டு, அவர் வயதுக்கு அது 17. மொத்தம் 38,08,000 ரூபாய், இறுதிச்சடங்கு போன்றவற்றுக்கான தொகை தனி. 5 லட்சம் எங்கே, 38 லட்சம் எங்கே!

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று இப்போது சட்டத்தில் இருக்கிறது. கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு போய்விடும். இரண்டும் தனித்தனி, அதில் விடுதலை ஆனாலும் இதில் நஷ்டஈடு கிடைக்க வாய்ப்புண்டு.

ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் போனார்கள் என்றாலே நஷ்டஈடு கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூன்று பேர் போனதே விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று காட்டாமல் தொகையைக் குறைக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 129-வது பிரிவுப்படி நான்கு வயது தாண்டிய எல்லோருக்கும், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து, ஹெல்மெட் கட்டாயம். தலையில் அடிபட்டு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற கேள்விகளில் கட்டாயம் அதுவும் இருக்கும்.

கடைசியாக, பின்னால் உட்கார்ந்து போகிறவர்களில் நிறையப் பேர் வீட்டைக் கவனிக்கிற பெண்கள். மனுவில் ‘வருமானம்: இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுத விடாதீர்கள். வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டு நஷ்டஈடு கணக்கிட வேண்டும் என்று 2001-லும், மறுபடி 2021-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சமையல், பிள்ளைகள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது, மாடு, தையல் மிஷின், அவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வக்கீல் கையில் கொடுங்கள்.