கேப்ஸ்யூலைப் பிரித்துப் புண்ணில் கொட்டாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். பலகாரக் கடையில் வேலை. எண்ணெய்ச் சட்டி சரிந்து முன்கை முழுக்க வெந்துபோய், ஒரு வாரம் வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கைக் காலையும் ராத்திரியும் விழுங்கியது போக, நாலைந்து கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைப் புண்ணில் தூவி, மேலே பழைய துணியைச் சுற்றியிருந்தார். உப்புநீர் ஊற்றி ஊறவைத்துத்தான் துணியையே எடுக்க முடிந்தது. அடியில் பச்சைச் சீழ். “ஒரு வேளை மாத்திரைகூட விடல சிஸ்டர், அப்புறம் எப்படி செப்டிக் ஆச்சு?” என்று அவர் மனைவி கேட்டார்.

தீக்காய வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

விழுங்கிய மாத்திரை ரத்தத்தில்தான் கலக்கும். ரத்தம் ஓடுகிற இடத்துக்குத்தான் அதனால் போக முடியும். ஆழமாக வெந்த தோலில் ரத்தக்குழாய்கள் அடைபட்டுச் செத்திருக்கும். அங்கே மருந்து போய்ச் சேராது, கிருமிக்கு மட்டும் சாப்பாடு கிடைக்கும். முதல் இரண்டு நாளில் பெருகுபவை வெளியே இருந்து வந்தவை அல்ல. நம் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் பதுங்கியிருந்து, சூட்டுக்குத் தப்பிய நம் சொந்தக் கிருமிகள். அதன்பின் ஒரு வாரத்துக்குள் குடலில் இருந்தும் அழுக்குக் கையில் இருந்தும் ஈரத் துணியில் இருந்தும் முரட்டுக் கூட்டம் வந்து சேரும். பச்சைச் சீழ் வைக்கிற சூடோமோனாஸ் அதில் ஒன்று. நீங்கள் முன்கூட்டியே போடும் மாத்திரை சாதுவான கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு மசியாதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. பிறகு நிஜமாகவே தொற்று ரத்தத்தில் ஏறும்போது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ரெசிஸ்டன்ட்’, அதாவது மசியாது, என்று வரும். டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். தொற்று வந்துவிட்டது என்று தெரிந்தபின் தரும் ஆன்டிபயாட்டிக் வேறு, வரக்கூடாது என்று நீங்களாகப் போட்டுக்கொள்வது வேறு.

“பட்டாளத்துல காயம்பட்டா உடனே மாத்திரை குடுக்குறாங்களே” என்று ஒரு முன்னாள் ராணுவத்துக்காரர் என்னை மடக்கினார். சரியான கேள்விதான். குண்டும் சிதறலும் பாயும்போது மண்ணையும் சீருடைத் துணியையும் சேர்த்துச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அமெரிக்க ராணுவத்தின் போர்க்களச் சிகிச்சை வழிகாட்டுதலில் திறந்த காயங்களுக்கு ஆன்டிபயாட்டிக் உண்டு. ஆனால் அதே வழிகாட்டுதல், வெறும் தீக்காயத்துக்காக மட்டும் களத்தில் அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பொடி தூவும் கட்சிக்கும் போர்க்களத்திலேயே பதில் இருக்கிறது. பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயங்களை ஆராய்ந்தார். கிருமிநாசினியை ஊற்றினால் ஆழத்துச் சந்துபொந்துகளில் உள்ள கிருமி தப்பிக்கிறது, அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள்தான் சாகின்றன என்று காட்டினார். டெட்டாலைப் புண்ணில் ஊற்றுகிறவர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

தொற்றைத் தடுப்பது கழுவலும் செத்த தோலை அகற்றுவதும்தான். யூகோஸ்லாவியாவில் சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் ஆழமாக வெந்த தோலைச் சில நாளிலேயே சீவி எடுத்து, உடனே புதுத்தோல் ஒட்டினார். 1970-இல் அதை எழுதி வெளியிட்டார். இன்றைய தீக்காய அறுவை சிகிச்சை அந்த வழியில்தான் போகிறது.

பேஸ்ட், இங்க், காபித்தூள், மாவு பற்றி ஊரே பேசியாயிற்று. எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சூடு பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் அதனால் பலன் உண்டு. ஐஸ் கூடாது. வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். துவைத்த சுத்தமான துணியைப் போர்த்திக் கூட்டி வாருங்கள். தீக்காயத்துக்குப் போடும் வெள்ளை ஆயின்ட்மென்ட்டையும் டாக்டர் பார்க்கும் முன் அப்பாதீர்கள், அதை அப்பினால் காயத்தின் ஆழம் தெரியாது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

கூட இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டிலில் உட்காராதீர்கள், தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவுங்கள். துபாயில் இருக்கும் சித்தப்பாவுக்கு வீடியோ காலில் காட்ட வேண்டும் என்று புண்மேல் போட்ட கட்டைத் தூக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். முட்டையும் மீனும் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று ரசம் சாதத்தில் நிறுத்தி வைக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெந்த உடம்பு தோலைத் திரும்பக் கட்டப் புரதம் கேட்கிறது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை தினமும் முட்டை கொடுங்கள்.

வீட்டுக்குப் போனபின் காய்ச்சல், நாற்றம், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், குறைந்த வலி மறுபடி கூடுதல், இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் வாருங்கள். அதுவரை போட்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். “சிவப்பும் கறுப்புமா இருக்கும் சிஸ்டர்” என்று சொன்னால் எந்த மருந்து என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது.